மாலை கழற்றிய மறுநாள்: போதை மூளையை எப்படி மாற்றுகிறது?

கார்த்திகை பிறந்ததும் குடியை நிறுத்திவிடும் மனிதர்கள் இராமநாதபுரம் கரையோரத்தில் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் ஒரு மண்டலம் சொட்டு மதுவைத் தொடமாட்டார்கள். தங்கச்சிமடத்தில் தவக்காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரை குடிக்காதவர்கள் உண்டு. கீழக்கரையில் நோன்பு மாதம் முழுவதும் பகலில் சிகரெட்டைத் தள்ளி வைப்பவர்கள் உண்டு. ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள் அதே மனிதர் பழைய இடத்தில், பழைய கூட்டாளிகளோடு, பழைய அளவுக்கும் மேலே குடித்துக்கொண்டிருப்பார். வீட்டில் உள்ளவர்களின் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "சாமிக்காக நிறுத்த முடிகிறது, பெற்ற பிள்ளைகளுக்காக நிறுத்த முடியவில்லையா?"

அந்தக் கேள்வியில் இருக்கும் வேதனை நியாயமானது. ஆனால் அதிலிருந்து எல்லோரும் எடுக்கும் முடிவு, அதாவது இவன் வேண்டுமென்றேதான் குடிக்கிறான் என்ற முடிவு, தவறு. அந்தத் தவறால் பல குடும்பங்கள் சிகிச்சைக்கே போகாமல் நின்றுவிடுகின்றன. நாற்பத்தெட்டு நாள் முடிந்தது ஏன், நாற்பத்தொன்பதாம் நாள் முடியாமல் போவது ஏன் என்பதற்கு மூளையில் விடை இருக்கிறது.

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பிகளைப் பதித்தார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் கம்பி இருக்கும் இடத்தில் சிறிதளவு மின்சாரம் பாயும். சில குறிப்பிட்ட இடங்களில் கம்பி பதிக்கப்பட்ட எலிகள் ஓயாமல் அந்த நெம்புகோலை அழுத்தின. மூளையின் 'இன்ப மையம்' கிடைத்துவிட்டது என்று அன்று எழுதினார்கள். அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மை அதைவிடச் சிக்கலானது.

நடுமூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் இவை சில லட்சம் மட்டுமே. இவற்றின் இழைகள் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிக்கும் செல்கின்றன. உணவு, தண்ணீர், உடலுறவு, பிள்ளையின் சிரிப்பு, நண்பரின் பாராட்டு என உயிர் வாழவும் சேர்ந்து வாழவும் நமக்குத் தேவையான அனைத்தும் இந்தப் பாதையில் டோபமைனைக் கசியவிடுகின்றன.

டோபமைன்தான் இன்பமா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இதைச் சோதித்தார். டோபமைன் அநேகமாக முழுவதுமாக அழிக்கப்பட்ட எலிகள் தீனி பக்கத்தில் இருந்தாலும் தேடிப் போகவில்லை. விட்டால் பட்டினியால் இறந்துவிடும் நிலை. ஆனால் அவற்றின் வாயில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டினால் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சுழற்றி ரசித்தன. ஆக, ரசிப்பது ஒன்று, வேண்டும் என்று உந்தப்படுவது வேறொன்று. டோபமைன் இரண்டாவதன் வேலையாள். "குடித்து என்ன சுகத்தைக் கண்டேன்" என்று அழுதுகொண்டே குடிக்கிறவர் நடிக்கவில்லை. ரசனை என்றோ போய்விட்டது, உந்துதல் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த உந்துதல் வளரும் விதத்தை விளக்கியவர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து அவற்றின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அவை துடித்தெழுந்தன. சாறு வருவதற்கு முன் விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, விளக்கைக் கண்டபோதே துடித்தன. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வழக்கமான அளவுக்கும் கீழே அடங்கிப் போயின.

பாக் நீரிணையில் வலை விடுகிறவருக்கு இது புதிய செய்தியாக இருக்காது. வழக்கமாக இரண்டு கூடை சூடை விழும் இடத்தில் ஒருநாள் வலை கொள்ளாமல் வாவல் விழுந்தால், அந்த மீன்பாடு மட்டுமா மனதில் நிற்கிறது? அன்றைய காற்று, நீரின் நிறம், நேரம், நீரோட்டம் அத்தனையும் பதிந்துவிடுகின்றன. அடுத்த முறை அதே நிறத்தில் நீரைக் கண்டதும் கை தானாக வலைக்குப் போகிறது. அங்கே சில முறை வெறும் வலை வந்துவிட்டால் மனம் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அறிவிப்பதுதான் டோபமைனின் முக்கியமான வேலை. இப்போது, எத்தனை முறை விட்டாலும் "எதிர்பார்த்ததைவிட அதிகம் விழுந்திருக்கிறது" என்றே சொல்லும் ஒரு வலையை நினைத்துப் பாருங்கள். அங்கே கணக்குத் திருந்தவே திருந்தாது. போதைப்பொருள் செய்வது அதைத்தான். சாறு பழகிவிட்டால் டோபமைன் அமைதியாகிவிடும்; கோகைன் போன்ற ஒரு பொருளோ, பழகிய பிறகும் வேதியியல் வழியாக நேரடியாக டோபமைனைப் பெருக்கிவிடும்.

ஒவ்வொரு பொருளும் வேறு கதவு வழியாக நுழைகிறது. கோகைன், சுரந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் மூலக்கூறுகளை அடைத்துவிடுகிறது. பத்திரிகைகளில் 'ஐஸ்' என்று படிக்கிறோமே, அந்த மெத்தாம்பெட்டமின் அதே மூலக்கூறுகளைத் தலைகீழாக இயங்க வைத்து டோபமைனை வெளியே கொட்டச் செய்கிறது. ஹெராயினும் அபின் வகை வலி மாத்திரைகளும் டோபமைன் நரம்பணுக்களை அடக்கி வைத்திருக்கும் காவல் நரம்பணுக்களைத் தூங்க வைக்கின்றன. நிகோடின் அந்த நரம்பணுக்களை நேரடியாகவே தூண்டுகிறது. கஞ்சாவும் மதுவும் சுற்று வழிகளில் வருகின்றன. சேருமிடம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. எலிகளில் அளந்தபோது உணவு டோபமைனை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்தியது; ஆம்பெட்டமின் சுமார் பத்து மடங்காக உயர்த்தியது.

மூளை இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தாங்க முடியாத இந்த வெள்ளத்துக்கு எதிராக, டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. நோரா வோல்கோவ் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-களிலிருந்து எடுத்த மூளைப் படங்களில் இது தெளிவாகத் தெரிந்தது: கோகைன், மது, ஹெராயின், மெத்தாம்பெட்டமின் என எதற்கு அடிமையானவராக இருந்தாலும், டி2 என்ற ஏற்பி குறைந்திருந்தது. விளைவு என்ன? பழைய அளவு போதவில்லை. அது பரவாயில்லை என்றுகூடச் சொல்லலாம்; கொடுமை அடுத்ததில் இருக்கிறது. மீன் குழம்பின் ருசி, திருவிழா, மகளின் மதிப்பெண், இவை தரும் சிறிய டோபமைன் அலைகள் குறைந்துபோன ஏற்பிகளை எட்டுவதே இல்லை. வீட்டில் சிரிப்பு நடக்கும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாசமில்லாததால் என்று நினைக்கிறோம். இதோடு மன அழுத்தத்தை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் மூளையில் கூடுகின்றன. முதலில் மகிழ்ச்சிக்காகக் குடித்தவர், இப்போது சாதாரணமாக இருப்பதற்காகக் குடிக்கிறார். முன்மூளைப் புறணியின் செயல்பாடும் தளர்கிறது. வேண்டாம் என்று நிறுத்திப் பார்க்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்தப் பகுதி முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிறது என்பதால், பள்ளியை விட்டு நின்று பதினைந்து வயதில் கஞ்சாவும் மாத்திரையும் பழகும் பையன்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

குடிப்பவர்கள் எல்லோரும் இந்த நிலைக்கு வருவதில்லை. 2019-இல் மத்திய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள்; அதில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் 5.7 கோடிக்கு மேல். யார் விழுவார் என்பதில் ஏறத்தாழ பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு. ஒரே படகில் போய், ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவர் நிறுத்திவிடுவதும் மற்றவர் நிறுத்த முடியாமல் தவிப்பதும் குணத்தின் அளவுகோல் இல்லை.

மாலைக்கு வருவோம். போதை மூளையில் விட்டுச் செல்லும் மாற்றங்களில் மிக நீண்ட காலம் நிற்பது நினைவுதான். குறிப்பாக, குரங்குக்கு விளக்கு எப்படியோ அப்படிப்பட்ட முன்னறிவிப்புகளின் நினைவு. 2008-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோகைனுக்கு அடிமையானவர்களுக்குக் கோகைன் தொடர்பான படங்களை 33 மில்லி விநாடி மட்டும் காட்டினார்கள். பார்த்தோம் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. மூளையின் வெகுமதிப் பகுதிகளோ உடனே விழித்துக்கொண்டன. அறிவு யோசிப்பதற்கு முன்பே இழுப்பு தொடங்கிவிடுகிறது என்பது இதன் பொருள்.

நம் கரையில் அந்தப் படம் எது? ஏலம் முடிந்து, பங்கு பிரித்து, கையில் பணம் வந்து விழும் நிமிடம். டீசல் வாடை. கூட்டாளியின் ஒரு தலையசைப்பு. மாலை போட்டவருக்கு இவற்றில் முக்கால்வாசி மறைந்துவிடுகின்றன. உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, விடியற்காலைக் குளியல் வருகிறது, ஊரே "சாமி" என்று கூப்பிடுகிறது, கூட்டாளிகளே அவரைக் கடைப்பக்கம் அழைப்பதில்லை. பக்தியோடு சேர்த்து ஊர் முழுவதும் அவருடைய தளர்ந்த முன்மூளைக்குத் துணை நிற்கிறது. மாலையைக் கழற்றியதும் அந்தத் துணை ஒரே நாளில் விலகிவிடுகிறது. முன்னறிவிப்புகள் அத்தனையும் ஒரே நாளில் திரும்புகின்றன. கழற்றும் தேதியே ஒரு முன்னறிவிப்பாகிவிடுகிறது என்பதும் என் எண்ணம். மூளையோ இன்னும் ஆறவில்லை. மெத்தாம்பெட்டமினை நிறுத்தியவர்களை வோல்கோவ் குழு 2001-இல் ஆராய்ந்தபோது, குறைந்துபோன டோபமைன் கடத்திகள் (சுரந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் அதே மூலக்கூறுகள்) பெருமளவு மீண்டு வர ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

இடத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அப்படி அடிமையானவர்களில் முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. அவர்கள் போதையின் முன்னறிவிப்புகளைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்கள். மறுவாழ்வு மையத்திலிருந்து பாம்பனுக்கோ தொண்டிக்கோ திரும்புகிறவர் அவற்றின் நடுவிலேயே வந்து இறங்குகிறார். ஆகவே, ஒரு மாதம் உள்ளே வைத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது பெரிய பிழை. பங்குப் பணத்தை மனைவியோ தாயோ நேரடியாக வாங்கிக்கொள்வது, முதல் ஓராண்டுக்கு வேறு இறங்குதளத்தில் வேலை தேடுவது, குடிக்காத ஒருவர் மாலை நேரங்களில் கூடவே இருப்பது ஆகியவை மருந்து அளவுக்கு முக்கியம். மருந்தும் இருக்கிறது. மது மீதான இழுப்பைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட். ஹெராயின் வகைக்கு புப்ரெனார்ஃபின். குடித்தால் வாந்தி வரச் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. மது பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்த மூளை, அது நின்றதும் மிதமிஞ்சிக் கொந்தளிக்கிறது. சில மணி நேரத்தில் கை நடுங்கும்; முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; மூன்றாம் நாளை ஒட்டி இல்லாத உருவங்கள் தெரிந்து, பிதற்றி, ஆளையே அடையாளம் தெரியாமல் போகலாம். இதைப் பேய் என்று எடுத்துக்கொண்டு கட்டிவைத்த குடும்பங்கள் எத்தனையோ. நம் மாவட்டத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. மது, போதைப்பொருள் தொடர்பான பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. நேர்ச்சையும் தொழுகையும் அவரவர் நம்பிக்கை. பிதற்றலும் வலிப்பும் வந்தால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே கொந்தளிப்பை அடக்கும் மருந்தும் தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து அந்தச் சில நாட்களைப் பாதுகாப்பாகக் கடத்திவிட முடியும்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். மருத்துவமனையில் படுத்தால் பாடு போய்விடும் என்ற கவலை இல்லை. பங்குப் பணமும் கைக்கு வராது. வேலையில்லாத நாட்களில் குடி கூடிவிடும் என்று அஞ்சும் வீடுகள், தடை தொடங்கும் வாரத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.