அம்மா நடிக்கவில்லை, தம்பி

"நடிக்கிறார்" என்று சொல்லி நோயாளியை என்னிடம் அழைத்து வருவது இந்த வருடத்தில் இது நான்காவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"கண்ணு நல்லாத்தான் கீதுன்னு கண் டாக்டரே சொல்லிட்டாரு மேடம். எங்கம்மா வேணும்னே பண்றாங்க." குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இப்படிச் சொன்னார். அந்த அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். பல வருடம் தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தவர். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்திருக்கிறது. கை கால் விழவில்லை, பேச்சும் தெளிவு. "என்னியப் பார்த்து யாரு நீங்கிறாங்க. வாயத் தொறந்து பேசினா வாடா கண்ணுங்கிறாங்க. இது நடிப்பு இல்லாம இன்னா மேடம்?"

என்னிடம் வருவதற்குள் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாயிற்று, ஒரு முறை மந்திரித்தும் ஆயிற்று. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயால் முடியாமல் போன அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குபவள். (பிசியோ இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் "கை கால் நீட்டி மடக்குற மேடம்" என்றுதான் தேடி வருகிறார்கள். சரி, எப்படியோ வந்தால் போதும்.)

மேசை மேல் ஒரு தீப்பெட்டியை வைத்தேன். நீண்ட நேரம் பார்த்தார். "சின்னதா கீது. நாலு மூலை. சோப்பா?" என்றார். பென்சிலைக் கொடுத்து, பார்க்கிறதை வரையச் சொன்னேன். கோணல்மாணலாக இருந்தாலும் மூலை, ஓரப்பட்டை எல்லாம் சரியாக வந்தது. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் என்ன பொருள் என்று தெரியவில்லை. தீப்பெட்டியை எடுத்து அவர் காதருகே குலுக்கினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. "தீப்பெட்டி. பாதிதான் கீது."

மகன் எதுவும் பேசவில்லை.

அடுத்து ஒரு முள்ளுக் கத்திரிக்காய். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடிக் கத்திரிக்காய்தான். பார்த்து, "ஏதோ பளபளன்னு" என்று நிறுத்திவிட்டார். கையில் வைத்தேன். காம்பின் முள் விரலில் பட்டதும், "அட, கத்திரிக்கா! குத்துது பாரு."

இதற்கு விஷுவல் அக்னோசியா என்று பெயர். பார்வை உண்டு, பார்த்ததை அறிவது இல்லை. ஜெர்மானிய மருத்துவர் லிசாவர் 1890லேயே இப்படி ஒரு நோயாளியை விவரித்து எழுதினார். அக்னோசியா என்ற சொல்லை அடுத்த வருடம் கொடுத்தவர், மனநல மருத்துவத்தில் பெயர் பெற்ற அதே பிராய்டு. ஆக, இது நேற்று முளைத்த நோய் இல்லை.

என்னை அதிகம் கடுப்பேற்றுவது, "கண் சரி என்றால் எல்லாம் சரி" என்கிற பேச்சு. கண் டாக்டர் சொன்னது பொய்யில்லை. பலகையில் உள்ள குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அந்த அம்மா சரியாகவே கை காட்டியிருப்பார். அந்தச் சோதனை, உருவம் தெளிவாக விழுகிறதா என்று பார்க்கிறது. விழுந்த உருவம் என்ன பொருள் என்று அது கேட்பதே இல்லை. கண்ணில் விழுவது பின்மண்டைக்குப் போய் அங்கே கோடு, நிறம், விளிம்பு என்று பிரிகிறது. அங்கிருந்து காதுப் பக்கமாக, மூளையின் அடிப்பகுதி வழியே போகும்போதுதான், முன்பே தெரிந்ததோடு சேர்ந்து "தீப்பெட்டி" ஆகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்தால் எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை. இன்னும் எத்தனை முறை சொல்ல?

காட்பாடி ஜங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பதி லைனில் வேலை நடக்கிறது என்றால் அந்தப் பக்க வண்டிதான் நிற்கும். சென்னை லைன், ஜோலார்பேட்டை லைன், விழுப்புரம் லைன் வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த அம்மாவுக்குக் கண் லைன்தான் அடைப்பு. காது, கை, மூக்கு வழியாக வருவதெல்லாம் வந்து சேர்கிறது. "பேசினா தெரியுது, பார்த்தா தெரியல" என்பது நடிப்புக்கு அடையாளம் இல்லை, இந்த நோய்க்கே அதுதான் அடையாளம்.

நல்ல மூளையும் ஒரே புலனை நம்பி இருப்பதில்லை. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் தர்பூசணியைத் தட்டாமல், முலாம்பழத்தை முகராமல் யார் வாங்குகிறீர்கள்? எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002ல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பொருளின் உயரத்தைக் கண்ணாலும் கையாலும் ஒரே நேரத்தில் அளக்க வைத்து, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வேண்டுமென்றே கலங்கலாக்கினார்கள். கலங்கக் கலங்க, மூளை கண் சொன்னதைக் குறைத்து, கை சொன்னதைக் கூடுதலாக நம்பியது.

இந்தக் கூட்டணி பழகப் பழக வருவது. நம் நாட்டில் பிரகாஷ் திட்டத்தின் கீழ், பிறந்ததிலிருந்து பார்வையில்லாத பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, உடனே சோதித்தார்கள். கையால் தடவிய பொருளைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க அவர்களால் முடியவில்லை. சில நாளிலேயே கற்றுக்கொண்டார்கள். 2011ல் வந்த முடிவு இது. அந்த அம்மாவின் கைக்கும் காதுக்கும் அறுபது வருடப் பழக்கம் இருக்கிறது. நான் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

ஒன்று, பெயர் மறப்பது வேறு. சீப்பைப் பார்த்துப் பெயர் வராமல், தலை வாருவதுபோல் கை காட்டினால் அது பேச்சுக் கோளாறு. எல்லாவற்றையும் "மறதி நோய்" என்று முடித்துவிடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். "இது இன்னா, சொல்லு பாக்கலாம்" என்று பரீட்சை வைப்பதை இன்றே நிறுத்துங்கள். உள்ளே நுழையும்போதே "நான்தாம்மா" என்று குரல் கொடுங்கள். பொருளைக் காட்டாதீர்கள், கையில் கொடுங்கள். டம்ளர், சீப்பு, துண்டு எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். பினாயிலையும் மண்ணெண்ணெயையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தை, தயவுசெய்து, யார் வீட்டிலும் வைக்காதீர்கள். மூக்கு எச்சரிப்பதற்குள் வாய் குடித்துவிடும். மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அடுப்படியில் தனியே விடாதீர்கள்.

அப்புறம், பக்கவாதம் என்றாலே வாய் கோணும், கை விழும் என்று காத்திருக்காதீர்கள். திடீரென்று பாதிப் பக்கம் தெரியவில்லை, தலை சுற்றித் தள்ளாடுகிறது, எதிரே இருப்பது என்னவென்று புரியவில்லை என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கண்ணாடிக் கடை மறுநாளும் திறந்திருக்கும்.

அந்த அம்மா செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார். முழுக்கச் சரியாகும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவர் கை பழகிய பத்துப் பொருளை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். மகன் அங்கேயே உட்கார்ந்து பட்டியல் எழுதினார். முதலில் எழுதியது வெற்றிலைப் பெட்டி. அதன் மூடி கிறீச்சிடுமாம்.