தன்னெதிர்ப்பு: ஈறு நோய்க்கு இந்தச் சொல் எவ்வளவு பொருந்தும்?

ஈறு நோய் பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பில் ‘தானியங்கி நோய் எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தது. ஆட்டோஇம்யூன் என்பதைத்தான் அப்படி ஆக்கிவிட்டார்கள். உடம்பின் காவல் உடம்பையே தாக்குவதைச் சொல்லும் சொல் அது, தலைப்பிலுள்ள ‘தன்னெதிர்ப்பு’ அதற்கு நான் வைக்கும் தமிழ். இதில் வரும் ஆட்டோவுக்கும் தானாக ஓடும் எந்திரத்துக்கும் சம்பந்தமில்லை. கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ என்றால் தான், தன்னை.

இம்யூன் லத்தீன் சொல். ரோமில் வரியிலிருந்தோ ஊர்க்கடமையிலிருந்தோ விலக்குப் பெற்றவனுக்கு ‘இம்யூனிஸ்’ என்று பெயர். நம் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்தை ‘இறையிலி’ என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். நோய்க்கு வரி கட்டத் தேவையில்லாத உடம்பு என்று பின்னால் மருத்துவத்துக்கு வந்தது. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு வழங்கும் ‘நிர்ப்பீடனம்’ (பீடை இல்லாத நிலை) வடசொல்தான், ஆனாலும் மூலப்பொருளுக்கு நம் ‘நோயெதிர்ப்பை’விட நெருக்கமானது.

உடம்பு தன்னையே தாக்கும் என்பதை மருத்துவர்கள் லேசில் ஏற்கவில்லை. 1900ஐ ஒட்டி ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். அந்த ரத்தத்துக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி, அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) உண்டாயிற்று, ஆனால் அது ஆட்டின் சொந்த ரத்தத்தைத் தொடவில்லை. தனக்கே நஞ்சாவதற்கு உடம்பு அஞ்சும் என்ற பொருளில் இதற்கு ‘ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்’ என்று பெயர் வைத்தார். 1904இலேயே டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்ற இரு ஆய்வாளர்கள், சொந்த ரத்தத்தையே தாக்கும் எதிர்ப்பொருள் உண்டு என்று மாற்றுச் சான்று காட்டியும் அந்த எண்ணம் அசைய வெகுகாலம் பிடித்தது. 1956இல் விட்டெப்ஸ்கியும் நோயல் ரோஸும், முயலின் உடம்பு அதன் தைராய்டுக்கு எதிராகவே திரும்பும் என்று காட்டிய சோதனைகளை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

சரி, ஈறுக்கு வருவோம். (இலங்கையில் ‘முரசு’ என்பார்கள், அடிக்கிற முரசு இல்லை.) பெம்ஃபிகஸ் என்று ஒரு நோய், கிரேக்கத்தில் கொப்புளம் என்று பொருள். செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தையே உடம்பின் எதிர்ப்பொருள் குறிவைக்கும். ஈறு சிவந்து, மேல்தோல் உரிந்துவரும். தோலில் எதுவும் தெரிவதற்கு முன்பே பலருக்கு வாயில் ஆரம்பித்துவிடும், பல் சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தால் இன்னும் உரியும். துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும். இது வேலியே பயிரை மேய்ந்த கதை, ஆட்டோஇம்யூன் என்ற சொல் இங்கே கச்சிதம்.

பெரியவர்கள் ‘பயோரியா’ என்று சொல்லும் சாதாரண ஈறு நோய் வேறு ரகம். பயோரியா என்றால் சீழ் ஒழுகல். இப்போதைய பெயர் பெரியோடான்டைட்டிஸ், அதாவது பல்லைச் சுற்றியுள்ள திசுவின் அழற்சி (பெரி என்றால் சுற்றி, ‘பெரிய’ அல்ல). பல்லடியில் படியும் கிருமிப் படலத்தை விரட்ட வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து நொதிகளைக் கொட்டும், அதில் கிருமியோடு, ஈறைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் என்ற நம் நார்ப்புரதமும் கரையும், அழற்சி நீடித்தால் எலும்பைத் தின்னும் செல்களும் கிளம்பிவிடும், கடைசியில் பல் ஆடும். அழிப்பதில் பெரும்பங்கு நம் செல்களுடையதுதான், ஆனால் குறி கிருமி. இது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. நோயாளிகளிடம் கொலாஜனுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டிருக்கிறார்கள் என்றாலும், நோயைத் தொடங்குவது அதுதான் என்று நிறுவப்படவில்லை. ஆகவே பயோரியாவை ஆட்டோஇம்யூன் நோய் என்று எழுதுவது தவறு.

இரண்டு கதைகளும் சந்திக்கிற ஓர் இடமும் உண்டு. போர்ஃபைரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுக்கிருமியிடம் ஒரு நொதி இருக்கிறது, அது புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை சிட்ருலின் என்ற இன்னொன்றாக மாற்றிவிடும். (சிட்ருலின் தர்பூசணியின் தாவரப் பெயரிலிருந்து வந்தது, முதலில் பிரித்தெடுத்தது அதன் சாற்றிலிருந்துதான்.) இப்படி வேஷம் மாறிய சொந்தப் புரதத்தை உடம்பு அந்நியன் என்று எடுத்துக்கொள்ளலாம். முடக்குவாதத்துக்கு (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எடுக்கும் ‘ஆன்டி சிசிபி’ ரத்தப் பரிசோதனை தேடுவதும் சிட்ருலின் ஏறிய புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான். முடக்குவாதத்தின் தொடக்கம் ஈறாக இருக்கலாம் என்ற கருதுகோள் இங்கிருந்துதான் வலுப்பெற்றது, இன்னும் கருதுகோள்தான்.

இனி தமிழ்ச் சொல். ‘சுய நோயெதிர்ப்பு’ பரவலாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்க்க நோயே இல்லாத இடத்தில் ‘நோயெதிர்ப்பு’ எதற்கு? கேட்பவருக்கு ஏதோ நல்ல விஷயம் போலவும் படும். ‘தன்னுடல் தாக்குநோய்’ தெளிவானது, நோயின் பெயராக அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் நோயாக முற்றாத நிலையைச் சொல்ல அது உதவாது. என் ஓட்டு ‘தன்னெதிர்ப்பு’க்கு. தன்னெதிர்ப்பு நோய், தன்னெதிர்ப்புச் செல், ஆட்டோஆன்டிபாடிக்குத் தன்னெதிர்ப்பொருள் என்று இழுத்த பக்கமெல்லாம் வரும்.