கார்பன் ஃபுட்பிரிண்ட்: கால்தடம் இல்லை, உமிழ்வளவு

'உங்கள் கார்பன் கால்தடத்தைக் குறையுங்கள்.' சூழல் பற்றிய கட்டுரை எதைத் திறந்தாலும் இந்த வரி வந்துவிடுகிறது. கால்தடத்தை அழிக்கலாம், மறைக்கலாம். குறைப்பது எப்படி?

1992இல் கனடாவின் சூழலியல் அறிஞர் வில்லியம் ரீஸ் 'எக்காலஜிக்கல் ஃபுட்பிரிண்ட்' பற்றி எழுதினார். மக்கள் வாழும் முறைக்கு எவ்வளவு நிலமும் நீர்ப்பரப்பும் தேவை என்ற கணக்கு அது. ஒரு கட்டடமோ இயந்திரமோ அடைத்துக்கொள்ளும் இடத்தையும் ஆங்கிலத்தில் ஃபுட்பிரிண்ட் என்பார்கள். அந்தப் பொருள்தான் இங்கே. கார்பன் ஃபுட்பிரிண்ட் அதன் வழியில் வந்தது. 2000களில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்கள் அதை வீடுவீடாகக் கொண்டுபோயின. நம் பயணம், உணவு, மின்சாரம், வாங்கும் பொருள் ஆகியவற்றால் வெளியேறும் பசுமை இல்ல வாயுக்களை கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக மாற்றி, கிலோவிலோ டன்னிலோ சொல்வதுதான் இது. ஆக, இது ஓர் அளவு.

தடம் என்றதும் தமிழ் மனதில் அளவு வராது. 'தடம் பதித்தார்' என்றால் பாராட்டு. 'அடிச்சுவட்டில் நடப்போம்' என்றால் பின்பற்றத் தகுந்தது. இப்படிப் பெருமைக்குரிய சொல்லை எடுத்து ஒரு தீங்குக்குப் பெயராக வைத்தால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்? 'கரிமத் தடம்' என்பவர்கள் தனித்தமிழில் சொன்ன நிறைவோடு நிற்கிறார்கள். ஆனால் கரிம வேதியியல், கரிம உரம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறதே! தூய்மை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் குழப்பும் தூய சொல்லைவிடப் புரியும் கடன்சொல் மேல்.

அதனால் நான் எழுதுவது 'கார்பன் உமிழ்வளவு'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'கண்டம் தாண்டிப் போய்த் திரும்பும் ஒரே விமானப் பயணத்தின் உமிழ்வளவு ஒரு டன்னைத் தாண்டிவிடும்.' 'மாட்டிறைச்சியின் உமிழ்வளவு பருப்பினுடையதைப் போலப் பல மடங்கு.' கூட்டலாம், குறைக்கலாம், ஒப்பிடலாம். எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். விமானத்துக்கும் அணைக்காத ஒரு விளக்குக்கும் உள்ள தூரத்தைக் கால்தடம் காட்டாது.

இதே அவசர மொழிபெயர்ப்புதான் 'கார்பன் நியூட்ரல்' என்பதற்குக் 'கார்பன் நடுநிலை'யையும் கொண்டுவந்தது. நடுநிலை என்பது பக்கம் சாராமை. இங்கே நடப்பதோ வெளியேற்றியதற்கு நிகராக உறிஞ்சவோ ஈடுகட்டவோ செய்வது. 'கார்பன் ஈடு' என்றால் போதும். அப்புறம் 'சஸ்டெயினபிள் லைஃப்ஸ்டைல்' என்பதற்கு வைத்த 'நிலையான வாழ்க்கை முறை'. மாறாமல் அப்படியே இருக்கும் வாழ்க்கை என்றல்லவா அது ஒலிக்கிறது? மாறச் சொல்லும் கட்டுரைக்கே அதைத் தலைப்பாக வைக்கிறார்கள். 'நீடித்து நிலைக்கத்தக்க' என்பது சற்று நீளம்தான், ஆனால் சரியான பொருள் தருகிறது. அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடாமல், அந்தச் சொல் எதை அளக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நிமிடம் கேட்டிருந்தால் இவற்றில் ஒன்றுகூட அச்சேறியிருக்காது.