குளக்கட்டுப் பிள்ளையாரின் பொருளாதாரம்

இலங்கையில் ஆனையிறவுக்கு வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிற சைவமும் தெற்கே வன்னியில் இருக்கிற சைவமும் ஒன்றுதான். கத்தோலிக்கமும் அப்படியே. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் குடாநாட்டில் பெருகின. வன்னியில் காடும் குளமும் மலேரியாவும்தான் மிஞ்சின. ஒரு சனத்தின் படிப்பையும் பணத்தையும் சமய நம்பிக்கையே தீர்மானிக்கிறதென்றால் இந்த வேறுபாடு வந்திருக்கக் கூடாது.

நம்பிக்கைதான் காரணம் என்ற வாதத்துக்குப் பேர்போனவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர். புரட்டஸ்தாந்தரின் உழைப்பு, சிக்கனம் பற்றிய எண்ணமே முதலாளித்துவத்துக்கு உரமிட்டது என்று 1904-05இல் எழுதினார். 2009இல் பெக்கர், வோஸ்மான் என்ற இரு பொருளியலாளர்கள் பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். புரட்டஸ்தாந்த மாவட்டங்கள் வசதியாக இருந்தது உண்மைதான். ஆனால் எழுத்தறிவைக் கணக்கில் சேர்த்ததும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. வேதாகமத்தை எல்லோரும் தாமே வாசிக்க வேண்டும் என்றார் புரட்டஸ்தாந்தத்தைத் தொடங்கிவைத்த லூதர். அதற்காகப் பள்ளி வந்தது. வேதம் வாசிக்கப் பழகியவர் கடனுறுதியையும் வாசிப்பார்தானே.

யாழ்ப்பாணத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 1816இல் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், அடுத்த வருஷம் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் தொடங்கியது. மதம் மாறியவர்களைவிடப் படித்து வெளியேறியவர்கள் அதிகம். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இரண்டு தரப்பும் போட்டி போட, பள்ளிகள் பெருகின. சனம் ஐதாக இருந்த வன்னியில் அப்படிப் போட்டி போட ஆளில்லை.

அதற்காக அங்கே சமயம் சும்மா இருந்ததென்று நினைக்க வேண்டாம். அது தண்ணீர்ப் பக்கம் வேலை செய்தது. வன்னியில் குளக்கட்டில் பிள்ளையாரையோ ஐயனாரையோ காணலாம். குளத்து நீரில் நெல் செய்வோருக்கு ஒரு தீராத சிக்கல் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் விதைத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு நாளில் விதைத்தால் பூச்சிக்கு எப்போதும் எங்காவது பச்சைப் பயிர் கிடைக்கும். வயலுக்கு வயல் தாவிக்கொண்டே இருக்கும்.

பாலித் தீவில் இந்தக் கணக்கைப் போட்டது நீர்க்கோயில்கள். எந்தப் பகுதி எப்போது விதைப்பது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதைக் கோயில் வட்டாரங்கள் கூடி முடிவு செய்தன. 1970களில் பசுமைப் புரட்சித் திட்டம் முடிந்தவரை அடிக்கடி விதைக்கச் சொன்னது. முறை குலைந்து பூச்சி பெருகியது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பின்னர் இதைக் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்த்தார். கோயில் அளவிலான ஒருங்கிணைப்பே நல்ல விளைச்சலைத் தந்தது.

வன்னியில் இன்று விதைப்புத் தேதியையும் குளத்தின் துருசு (மதகு) திறக்கும் நாளையும் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது, பிள்ளையார் இல்லை. ஆனாலும் கூட்டத்தில் ஒத்துக்கொண்டவர் இரவில் மடையை உடைக்காமல் இருப்பதற்குக் கோயில் பொங்கலும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. அதே ஆட்களோடுதான் அவர் கோயில் திருவிழாவிலும் நிற்க வேண்டும். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலைப் பாருங்கள்: பாக்குத்தெண்டல் சடங்கு, கடலில் தீர்த்தமெடுத்தல், முள்ளியவளை காட்டுவிநாயகர் கோயிலில் அந்தக் கடல்நீரில் எரிக்கும் உப்புநீர் விளக்கு. ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்திருக்கிறது, பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள். தவறினால் ஊருக்கே தெரியும்.

அரசியலில் சமயம் சட்டத்தின் வழியாகவும் நுழைகிறது. இலங்கை அரசியலமைப்பு 1972இலும் பிறகு 1978இலும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. பௌத்தரும் சைவரும் உரிமை கோரும் முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் அதன் நிழலைப் பார்க்கலாம். அங்கே தகராறு யார் பூசை செய்வது என்பதோடு நிற்கவில்லை. மலையைச் சுற்றியுள்ள வயற்காணியில் யார் விதைக்கலாம் என்பதுவரை வந்துவிட்டது.