மூணாம் நாள் தலையத் தூக்க முடியுதா?

எங்க கந்தப்பளை பக்கம் கிழங்குக்கும் லீக்ஸுக்கும் மருந்தடிக்கிறத யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. மாமா முதுகுல டேங்கிய மாட்டிக்கிட்டு காத்து எந்தப் பக்கம்னு கூடப் பாக்காம இறங்கிருவாரு, சாயங்காலம் தலை சுத்துனா பனிங்கிறாரு. விஷம்னு பேரு வச்சிருந்தா கையுறை போடுவாரோ என்னமோ.

பூச்சி மருந்துல பழைய கூட்டம் ஆர்கனோபாஸ்பேட். நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் சேதி சொல்றது அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனம் வழியாத்தான், சொல்லி முடிச்சதும் அத வெட்டிப்போட அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்னு ஒரு நொதியம் இருக்கு, ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்குல வெட்டும். ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியத்துல பாஸ்பேட்ட ஒட்டிவிட்டுரும், வெட்டுறது நின்னுபோகும், சேதி மட்டும் குவிஞ்சுகிட்டே இருக்கும். கண்மணி சுருங்கி எச்சில், வேர்வை, நெஞ்சுல சளின்னு எல்லாம் ஊத்தும், தசை துடிக்கும். இதே வேலைய துளியளவுல செய்ய வச்சுத்தான் எக்கோதயோபேட்னு ஒரு கண்சொட்டு மருந்து கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய்க்கு வந்துச்சு!

இந்த விஷம் ஏறி வந்தவங்களுக்கு ஆஸ்பத்திரியில அட்ரோபின்னு ஒரு மருந்து குடுப்பாங்க, நெஞ்சு காயும், மூச்சு சீராகும், வீட்டாளுங்க அப்பாடான்னு உக்காருவாங்க. ஆனா அட்ரோபின் போய் அடைக்கிறது சுரப்பி, மூச்சுக்குழாய், இதயம் பக்கத்துல சேதிய வாங்குற ஏற்பிகள மட்டும்தான், கை கால் தசையில இருக்கிற ஏற்பி வேற ரகம், அங்க அதோட பேச்சு எடுபடாது. இந்த ஓட்டையத்தான் நம்ம பேராதனைப் பல்கலைக்கழக டாக்டருங்க புடிச்சாங்க. 1987ல நிமல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் 10 நோயாளிகளப் பத்தி எழுதினாங்க, முதல் ஆபத்து தாண்டுன பிறகு, விஷம் ஏறி 24 மணித்தியாலத்துல இருந்து 96 மணித்தியாலத்துக்குள்ள கழுத்தும் தோளும் தளந்து மூச்சு விடுற தசையும் நின்னுபோகப் பாக்குது, அதுக்கு இடைநிலை சிண்ட்ரோம்னு பேரு வச்சாங்க. மூச்சு மெஷின்ல வச்சுக் காத்திருந்தா தசையோட பலம் பெரும்பாலும் திரும்பிரும், கவனிக்காம வார்ட்ல விட்டாத்தான் ஆபத்து. அத முன்கூட்டியே காட்டிக்குடுக்கிறது ஸ்கேன் கிடையாது, படுத்திருக்கிறவங்ககிட்ட "தலையத் தூக்குங்க"ன்னு சொல்லிப் பாக்கிறதுதான்.

ஒட்டுன பாஸ்பேட்ட கழட்ட பிரலிடொக்ஸைம்னு ஒரு மருந்து இருக்கு, ஆனா நேரம் போனா ஒட்டு இறுகிரும், ஆர்கனோபாஸ்பேட்ல டைமெதில்ங்கிற வகையில சில மணித்தியாலத்துலயே. 2009ல வெளிவந்த ஒரு ஆய்வுல இலங்கையிலயே 235 பேர்கிட்ட அதப் பரிசோதிச்சாங்க, நொதியம் கொஞ்சம் உயிர் பெத்துச்சு, ஆளுங்க பொழைக்கிறது கூடல. எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

இவ்வளவும் மாமாகிட்ட சொன்னேன். "கழுத்துல இருந்தாடா தொடங்குது?"ன்னு கேட்டுட்டு தலைய ரெண்டு தரம் ஆட்டிப் பாத்துக்கிட்டாரு.