ஆற்றோரம் 23, ஏற்றத்தில் 7

மிஷெலின் ரோடு மேப்பில் சில சாலைகளின் மேல் ஈட்டி முனை மாதிரி ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள். ஒரு முனை என்றால் சரிவு 5 முதல் 9 சதவீதம். இரண்டு என்றால் 9 முதல் 13. மூன்று இருந்தால் 13க்கும் மேல். முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஏற்றம். காரில் போகிறவர் கண்ணில் இது படுவதே இல்லை. கேரியரின் இரண்டு பக்கமும் பையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பியவருக்கோ, அன்றைய தலையெழுத்தே அந்த முனைகளில்தான் இருக்கிறது.

நான் போனது தென்மேற்கு பிரான்ஸின் லோத் மாவட்டம். அங்கே ஓடும் ஆற்றின் பெயரைத்தான் மாவட்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள். சதுர கிலோமீட்டருக்கு முப்பத்துச் சொச்சம் பேர்தான் வசிக்கிறார்கள். லோத்தில் வந்து சேரும் செலே என்ற சின்ன ஆற்றின் ஓரமாக, ஃபிஷாக் ஊர்ப் பக்கமிருந்து டி41 என்ற சாலை போகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புப் பாறை. ஒரு காலை முழுக்க நான் எண்ணிய கார்கள் பதினொன்று. அதில் ஒன்று ஊர் ஊராகப் போய் ரொட்டி விற்கிற வேன்.

ஆற்றோடு போகிறவரை எல்லாம் சுகம். சாலையில் சின்னச் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் காலுக்குத் தெரியாது. அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று ஆற்றை விட்டுத் திரும்பினீர்கள், அவ்வளவுதான். சுவர் மாதிரி எழும்பும். ஏறக்குறைய 200 மீட்டர் உயரம் ஏறி முடித்தால், மேலே மறுபடியும் மேசை மாதிரி சமவெளி. ஓக் மரங்கள், கற்களை அடுக்கிய வேலிகள், கண்ணைச் சுற்றிக் கருப்பு வட்டம் போட்ட செம்மறி ஆடுகள். கொஞ்ச தூரம் போனால் அடுத்த ஆற்றுக்குச் செங்குத்தான இறக்கம். மலை என்றால் உச்சி இருக்க வேண்டும் என்று நினைத்துப் போனவனுக்கு இந்த அமைப்பு விசித்திரமாக இருந்தது.

காரணம் மழைத் தண்ணீர் போகும் வழி. கோஸ் என்று அழைக்கப்படும் இந்த மேட்டுநிலம் ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். பிற்பாடு நிலம் மெல்ல உயர்ந்தது. அதன்மேல் பாம்பு மாதிரி நெளிந்து கொண்டிருந்த ஆறுகள், நெளிவு மாறாமல் அப்படியே கீழே அறுத்துக்கொண்டு இறங்கின. காஓர் நகரம் லோத் ஆற்றின் அப்படி ஒரு வளைவுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பக்கமும் ஆறு.

சாதாரண மலைநாட்டில் பெரிய ஆறு அறுக்கும்போதே நூறு ஓடைகள் பக்கவாட்டில் ஓடி வந்து கரையைத் தேய்த்துச் சரிவைச் சாய்வாக்கிவிடும். இங்கே அந்த ஓடைகள் இல்லை. மழை நீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் விரிசலில் புகுந்து, விரிசலைக் குழாயாக, குழாயைக் குகையாக அகலப்படுத்தி, பூமிக்குள் போய்விடுகிறது. மேலே ஓடுவதற்குத் தண்ணீர் மிச்சமில்லை. அதனால் மேடு தேயாமல் மேசையாகவே நிற்கிறது, ஓரம் சுவராக நிற்கிறது. வடக்கே பதிராக் என்ற இடத்தில் இந்த வேலையை நேரிலேயே பார்க்கலாம். 75 மீட்டர் ஆழத்துக்கு நிலம் உள்வாங்கிக் கிடக்கிறது, அதற்கும் கீழே ஒரு ஆறு ஓடுகிறது. 1889ல் எதுவார் அல்ஃப்ரெத் மார்தெல் என்ற குகை ஆய்வாளர் இறங்கிப் பார்த்த பிறகுதான் அதன் நீளம் வெளியுலகுக்குத் தெரிந்தது.

சரி, அந்தச் சுவரில் சைக்கிள் எப்படி ஏறுகிறது? கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

ஆள் 70 கிலோ, சைக்கிளும் பைகளும் 25 கிலோ, மொத்தம் 95. சாதாரண ஆள் மூச்சு வாங்காமல் மணிக்கணக்கில் மிதிக்கக்கூடிய சக்தி 120 வாட் என்று வைப்போம். சமதளத்தில் எதிர்ப்பது இரண்டே பேர்: காற்றும், டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் வீணாவதும். 120 வாட்டுக்கு மணிக்கு 23 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். இப்போது 6 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் முன்னே போனால் 6 மீட்டர் மேலே. புவியீர்ப்பு மட்டுமே 56 நியூட்டன் விசையோடு பின்னால் இழுக்கிறது. டயர் 5 அல்லது 6 நியூட்டன். காற்று ஒன்றே ஒன்று, இருப்பதே தெரியாது. அதே 120 வாட்டுக்கு வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். வேக நடையை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கை. 95 கிலோவை 200 மீட்டர் தூக்க 186 கிலோஜூல் வேண்டும். நம் உடம்பு சாப்பாட்டில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், மீதி வியர்வையும் சூடும். ஒரு கிலோகலோரி என்பதும் நான்கு கிலோஜூலுக்குக் கொஞ்சம் அதிகம். ஆக நான்கும் நான்கும் அடிபட்டுப்போக, 186 கிலோஜூல் வேலைக்கு ஏறக்குறைய 186 கிலோகலோரி சாப்பாடு. ஒரே ஒரு க்ரோசான்! அவ்வளவு பாடுபட்டு ஏறியதற்குக் காலையில் தின்ற ஒரு பன் சரியாகப் போய்விட்டது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆக, தட்டுப்பாடு சாப்பாட்டில் இல்லை. கால் தாங்குகிற விசையில்தான் இருக்கிறது. கியர் இல்லாத பழைய சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்னால் 46 பல், பின்னால் 18 பல். பெடலை ஒருமுறை சுற்றினால் சைக்கிள் 5.4 மீட்டர் நகரும். அந்த 6 சதவீத ஏற்றத்தில் 7 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்தில் 22 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் பெடல் மேல் சராசரியாக 32 கிலோ எடை அழுத்தியாக வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் சும்மா இருப்பதால், நடுவில் அழுத்துவது அதைப்போல இரண்டு பங்கு. 64 கிலோ! 70 கிலோ ஆள் சீட்டை விட்டு எழுந்து முழு உடம்பையும் ஒரு காலில் நிறுத்த வேண்டிய கதை. அப்படி இறுகிய தசைக்குள் ரத்தம் ஓடவே திணறும். சில நிமிடத்தில் தொடை எரிய ஆரம்பிக்கும்.

முன்னால் 24 பல், பின்னால் 30 பல் என்று மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான் நகரும், ஆனால் நிமிடத்துக்கு 70 சுற்று. சராசரி அழுத்தம் 10 கிலோ. வேகம் அதே ஏழு, வேலை அதே 120 வாட். கியர் ஒரு ஜூலைக்கூட நமக்குச் சேமித்துத் தருவதில்லை. பெரிய கடனைச் சின்னத் தவணையாக்கிக் கொடுக்கிறது.

இந்தச் சின்ன கியரைப் பிரான்ஸிலேயே ஒரு காலத்தில் இளக்காரமாகப் பார்த்தார்கள். சேந்த் எத்தியென் ஊரில் பட்டு வியாபாரம் செய்த போல் து விவி (1853–1930) வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தி, மலையில் சுற்றுகிறவனுக்குப் பல கியர் வேண்டும் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். டூர் து ஃபிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கோ அது கிழவர்கள் சமாச்சாரம். அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு 1937ல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். என்னைக் கேட்டால் வெலோசியோ பக்கம்தான் நியாயம்.

அந்தக் கருவிக்குப் பிரெஞ்சில் தெராயர் என்று பெயர். தண்டவாளத்திலிருந்து தடம் புரளச் செய்வது என்று பொருள். செயின் கழன்றுவிட்டால் நாம் தலையில் அடித்துக்கொள்வோம். இவர்கள் செயினை வேண்டுமென்றே கழலவைத்து, அடுத்த பல்லில் விழவைக்கிறார்கள். பின் சக்கரத்துக்குக் கீழே தொங்கும் கை ஒன்று, அதில் இரண்டு சின்னப் பல்சக்கரங்கள். மேலே இருப்பது செயினைப் பக்கவாட்டில் தள்ளி எந்தப் பல்லுக்கு நேராகப் போக வேண்டும் என்று காட்டுகிறது. கீழே இருப்பது ஸ்பிரிங் பலத்தில் பின்னுக்கு இழுபட்டு, சின்னப் பல்லுக்கு மாறும்போது மிஞ்சும் செயினைத் தொய்யாமல் பிடித்துக்கொள்கிறது. செயினின் கீழ்ப்பாதி சுமையே இல்லாமல் தளர்ந்து வரும் பாதி என்பதால், பின்னால் இந்த வேலை சுலபம். முன்னால் அப்படி இல்லை. அங்கே தள்ள வேண்டியது மேல்பாதியை, நம் கால் இழுக்கும் முழு விசையும் ஓடுகிற பாதியை.

அது எனக்குப் பட்ட பிறகுதான் புரிந்தது. செலே பள்ளத்தாக்கை விட்டு ஏறும் ஒரு குறுகிய ரோட்டில், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பெரிய கியரிலேயே முக்கிவிட்டு, கால் நின்றுபோகும் நேரத்தில் முன் கியரைத் தட்டினேன். விறைப்பாக இருந்த செயின் முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஒரேயடியாகத் துள்ளி, சின்னப் பல்லையும் தாண்டி உள்பக்கம் விழுந்து ஃபிரேமுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பையோடு சைக்கிள் சாய, நானும் சாய்ந்தேன். கையெல்லாம் கிரீஸ். டிராக்டரில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து "போன் குராஜ்!" என்றார். தைரியமாகப் போ என்று அர்த்தம், ஆனால் அங்கே அதை ஏற்றத்தில் தள்ளாடும் எவரைப் பார்த்தாலும் சொல்வார்கள் போலிருக்கிறது. ஏற்றம் தொடங்குமுன், கால் லேசாக இருக்கும்போதே கியரை மாற்றிவிட வேண்டும் என்பதுதான் இதற்கு மருந்து.

மேலே போனதும் தாகம். ஓடை இல்லை, கிணறு அரிது. அந்தப் பக்கம் சுற்றுகிற சைக்கிள்காரர்கள் எல்லோரும் அறிந்த ஒரு வழி உண்டு: கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததல்ல என்று பலகை தொங்கவில்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு இறக்கம். ஏறும்போது சேர்த்த 186 கிலோஜூலும் இப்போது திரும்ப வர வேண்டுமே என்றால், முழுதாக வராது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 6 சதவீத இறக்கத்தில் பிரேக்கே தொடாமல் விட்டால் மணிக்கு 46, 47 கிலோமீட்டரில் காற்று பிடித்து நிறுத்திவிடும். வளைவுகள் நிறைந்த சாலையில் அந்த வேகமும் ஆகாது. ஏறிய 3.3 கிலோமீட்டருக்கு 28 நிமிடம், இறங்க ஐந்தோ ஆறோ. இரண்டும் சேர்த்துச் சராசரி மணிக்கு 12 கிலோமீட்டர்கூட வராது. மலைநாட்டில் ஏற்றமும் இறக்கமும் சமமாகிவிடும் என்று திட்டம் போடுகிறவர்கள் இருட்டிய பிறகு விடுதிக்கு வந்து சேருவது இதனால்தான்.

பிரேக்குக்கும் இதே கணக்கு. முழு இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்தபடியே ஊர்ந்தால், கிட்டத்தட்ட அத்தனை சக்தியும் ரிம்மில் சூடாகிறது. இரண்டு அலுமினிய ரிம்மும் சேர்த்து ஒரு கிலோ என்றால், சூடு வெளியே போகாதபட்சத்தில் 200 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நேரான இடத்தில் சைக்கிளை ஓடவிட்டு, வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி, மறுபடி விட்டுவிடுவது நல்லது. நடுவில் கணிசமான பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், ரிம்முக்கும் ஆற நேரம் கிடைக்கும்.

நான் கடைசியாக இறங்கியது காஓருக்கு. பதினான்காம் நூற்றாண்டு வலான்த்ரே பாலத்துக்கு அருகே, ஆற்றங்கரைப் பாறையடியில் பச்சையும் நீலமுமாக ஒரு ஊற்று இருக்கிறது. மேட்டில் விரிசலுக்குள் காணாமல் போன மழை, பூமிக்குள்ளேயே வழி கண்டுபிடித்து அங்கேதான் வெளியே வருகிறது. நகரத்தின் குடிநீரே அதுதான். சைக்கிளைப் பாலத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்துக் காப்பிக் கடையில் பாட்டிலை நீட்டினேன். குழாயைத் திறந்து நிரப்பிக் கொடுத்தார்கள்.