ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள்

சட்ட விழிப்புணர்வு முகாம்களில் இப்போதெல்லாம் முதல் கேள்வி புதிய சட்டங்களைப் பற்றித்தான். "கொலைக் கேஸ் 302 இப்போ 103 ஆயிடுச்சாமே சார்?" ஆமாம், ஆகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது வக்கீல்களின் பிழைப்பு, அதை எங்களிடம் விட்டுவிடுங்கள். ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஒருவர் வாரக்கணக்கில் சிறையிலேயே கிடப்பது ஏன், அதற்கு என்ன வழி என்பதைத்தான் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜாமீன் உத்தரவில் பெரும்பாலும் ஒரு தொகையும் இரண்டு ஜாமீன்தாரர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவர் இரத்த சம்பந்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நம் ஊரில் அடிக்கடி பார்க்கலாம். ஜாமீன்தாரர் ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது என்று எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வர வேண்டும். சொந்த ஊரில் நாலு பேரைத் தெரிந்தவருக்கு இது ஒரு நாள் அலைச்சல். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார் பையனுக்கு? அண்ணன் வர வேண்டுமென்றால் இரண்டு நாள் ரயில். வந்தாலும் அவரிடம் இருப்பது வேறு மாநிலத்து ஆவணங்கள்.

இது புதிய சிக்கலும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி ஒருவர் முன்வந்தும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. 1978-இல் அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே, அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரில், அவரை விடச் சொன்னார். தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

சரி, என்ன செய்யலாம்? 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் இதற்கென்றே சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வெளியே வந்தால்தான் ஜாமீன்தாரரைத் தேட முடியும் என்று கைதி சொன்னால், தற்காலிக ஜாமீனைக் கோர்ட் பரிசீலிக்கலாம். ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். 'பார்க்கலாம்' என்பதால் சும்மா காத்திருக்கக் கூடாது. நிபந்தனைத் தளர்வு மனுவை நாமே போட்டுவிடுவது நல்லது. ஜாமீனில் விடத்தக்க குற்றமாக, அதாவது ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் குற்றமாக இருந்தால் இன்னும் எளிது. கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரை வசதியற்றவர் என்றே கொண்டு, சொந்தப் பிணையில் விடச் சொல்கிறது புதிய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 478.

இதெல்லாம் தெரியாமல்தான் கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் நிற்பவர்களிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். போலி ரசீது என்று தெரிந்தால் அடுத்த வழக்கு அங்கேயே தயார். நட்புக்காகக் குடும்ப அட்டையைக் கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆள் வாய்தாவுக்கு வராமல் போனால், பிணைத் தொகையைக் கட்டச் சொல்லி உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். ஆள் சரியில்லை என்று தெரிந்ததும் கோர்ட்டில் மனு கொடுத்து ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2023 வழிகாட்டுதலின்படி விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை கிடைத்தது. போதைப்பொருள், ஊழல் வழக்குகளுக்குக் கிடையாது. மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர், சிறை அதிகாரி, ஒரு நீதிபதி ஆகியோர் அடங்கிய குழு இதைப் பார்க்கிறது. முகாமைத் தொடங்கிவைக்க எம்.எல்.ஏ. வரும்போது "ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை. அரசியலமைப்பில் சிறை, மாநிலப் பட்டியலில் உள்ள துறை. ஆகவே அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, எத்தனை பேரை வெளியே கொண்டுவந்தது என்று ஆட்சியரிடம் கேட்கும்படி அந்த எம்.எல்.ஏ.விடம் சொல்லுங்கள். அது சட்டமன்ற உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்விதான்.

அப்புறம், வழக்கு முடியாமல் விசாரணைக் கைதியாகவே கிடப்பவர்களுக்கு அதே சட்டத்தின் பிரிவு 479. முன்பு எந்தத் தண்டனையும் பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களுக்குப் பொருந்தாது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு என்பதால் கணக்கு ஒரு வருடம். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்கிறது. வீடு புகுந்து திருடியதாக வழக்கென்றால், அத்துமீறி நுழைந்ததற்கு ஒரு பிரிவு, திருட்டுக்கு ஒரு பிரிவு என்று எஃப்.ஐ.ஆரிலேயே இரண்டு வந்துவிடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கும் வேலை இது என்பது என் கருத்து.

அந்தத் தடை இல்லாதவர்களுக்கு, நாள் கணக்கு முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. இருந்தாலும் ரிமாண்ட் தேதியைக் குடும்பத்தினர் குறித்து வைத்து, எழுத்தில் நினைவூட்டி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அதற்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம், அல்லது கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கலாம்.